மீன் தொட்டி ஒழுகுகிறதா?

கசியும் இடத்தில் மட்டும் புது சிலிகான் பசையை அப்பி மூடிவிடாதீர்கள். காய்ந்த பழைய சிலிகான்மேல் புதியது சரியாகப் பிடிக்காது. உள்மூலைகளில் இருப்பதை முழுக்க பிளேடால் சுரண்டி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பிசுக்குப் போகத் துடையுங்கள். இரு கண்ணாடிகளுக்கும் நடுவே ஒட்டியிருப்பதைத் தோண்ட வேண்டாம். தொட்டியைத் தாங்குவதே அதுதான்.

பாத்ரூமுக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிகான் கூடவே கூடாது. அதிலுள்ள மருந்து மீனைக் கொன்றுவிடலாம். மீன் தொட்டிக்கு ஏற்றது என்று டியூப்பில் போட்டிருப்பதாக வாங்குங்கள்.

சுரண்டிய உள்மூலைகளில் புது சிலிகானைப் பூசியதும் ஈர விரலால் மூலை நெடுக ஒரே இழுப்பாக வழித்துவிடுங்கள். 5-10 நிமிடத்தில் மேலே ஆடை கட்டிவிடும். அப்புறம் தொட்டால் சுருங்கும்.

இனிதான் பொறுமை வேண்டும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே இறுகியிருக்காது. சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது. 24 மணி நேரத்தில் 2-3 மி.மீ. ஆழம் இறுகினாலே பெரிது. ஹேர் டிரையர் உதவாது. குறைந்தது 3 நாள், பெரிய தொட்டியென்றால் ஒரு வாரம் விடுங்கள். சிலிகானிலிருந்து வினிகர் வாடை வரும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பிறகு, சமதளத்தில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்து நிரப்பி ஒருநாள் பாருங்கள். தாள் நனையவில்லையென்றால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பலாம்.