இட்லிக் கொப்பரையில் கேரமல் கஸ்டர்ட்

ஓவன் இல்லாத வீட்டிலும் கேரமல் கஸ்டர்டை வழுவழுப்பாகச் செய்யலாம்; காரைக்குடிப் பக்கத்து அடுப்படிகளில் இருக்கும் இட்லிக் கொப்பரையே அதற்குப் போதும். ஆனால், இட்லிக்கு எரிக்கும் தீயை இதற்கு எரிக்கக் கூடாது. முதன்முறை நான் அதைத்தான் செய்தேன். உடம்பெல்லாம் துளையும் சுற்றிலும் தண்ணீருமாகத் தட்டில் வந்து விழுந்ததைப் பார்த்த அப்பத்தா, "இது என்ன, முட்டை ஆப்பமா?" என்று கேட்டார்.

துளை விழுவதற்குக் காரணம் சூடுதான். பாலும் சர்க்கரையும் சேர்ந்த முட்டைக் கலவை ஏறத்தாழ 80 முதல் 85 டிகிரி செல்சியசில் இறுகிவிடுகிறது. அதற்கு மேல் சூடேறினால் முட்டையின் புரதம் மேலும் சுருங்கி, தன்னுள் பிடித்து வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். இட்லி வேகும் ஆவியோ 100 டிகிரியை எட்டுகிறது.

6 பேருக்கு 600 மில்லி கொழுப்புள்ள பால், 3 முழு முட்டை, மேலும் 2 மஞ்சள் கரு, கலவைக்கு 70 கிராம் சர்க்கரை, கேரமலுக்குத் தனியாக 100 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி வெனிலா எசென்ஸ், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை வேண்டும். வெள்ளைக் கரு இறுக்கத்தையும் மஞ்சள் கரு மென்மையையும் தருவதால், கூடுதலாகச் சேர்க்கும் அந்த 2 மஞ்சள் கருவை விட்டுவிட வேண்டாம்.

கேரமலில் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிப் பழகியவர்கள் கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்று விரலால் பதம் பார்ப்பார்கள். இங்கே அந்தப் பதங்களையெல்லாம் தாண்டி, நீர் முழுவதும் வற்றி, சர்க்கரையே நிறம் மாறும் வரை போக வேண்டும் என்பதால் கண்ணால் மட்டுமே பார்க்க வேண்டும். அந்தச் சூட்டில் விரல் வைத்தால் தோல் வெந்துவிடும். அடிகனமான பாத்திரத்தில் 100 கிராம் சர்க்கரையுடன் 3 மேசைக்கரண்டி தண்ணீரும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டு மிதமான தீயில் வையுங்கள். கரண்டியால் கிளறினால் சர்க்கரை மறுபடியும் பூத்துவிடும்; பாத்திரத்தைப் பிடித்து மெல்லச் சுழற்றினால் போதும். முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு தேன் நிறம் வரும், அதன்பின் சில விநாடிகளிலேயே நம் வீட்டு முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணின் மெருகேறிய பழுப்பு வரும். அந்த நிறம் வருவதற்கு ஒரு நொடி முன்பே இறக்கிவிடுங்கள், ஏனெனில் பாத்திரத்தின் சூடே மீதியைப் பார்த்துக்கொள்ளும். வெளிர்நிறத்தில் இறக்கினால் வெறும் இனிப்புத்தான் இருக்கும். இலேசான கசப்பு சேர்ந்தால்தான் அது கேரமல். உடனே 6 அங்குல எவர்சில்வர் டப்பாவில் ஊற்றிச் சாய்த்து அடியெங்கும் பரப்புங்கள். ஆறும்போது சடசடவென்று கண்ணாடிபோல் வெடிக்கும் ஓசை கேட்டால் பயப்பட வேண்டாம்.

பாலை 500 மில்லியாகச் சுண்டக் காய்ச்சி, 70 கிராம் சர்க்கரையையும் உப்பையும் அதில் கரைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். முட்டையை நுரை பொங்க அடிக்காமல் முள்கரண்டியால் உடைத்துக் கலந்து, பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, எசென்சும் சேர்த்து, இருமுறை வடிகட்டி, மேலே நிற்கும் நுரையை வழித்தெடுத்த பிறகே டப்பாவில் ஊற்ற வேண்டும்.

கொப்பரையின் அடியில் ஒரு துணியைப் பிரிமணைபோலச் சுருட்டி வைத்து, அதன்மேல் மூடிய டப்பாவை வைத்து, டப்பாவின் பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றுங்கள். ஆவி நீர் உள்ளே சொட்டாமலிருக்கக் கொப்பரை மூடியையும் துணியால் சுற்றிக் கட்டுவது நல்லது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் சிறு குமிழிகள் எட்டிப் பார்த்தால் போதும். 35 நிமிடம் கழித்துத் திறந்து டப்பாவை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஓரம் இறுகி, நடுப்பகுதி மட்டும் கெட்டித் தயிர்போலத் தளும்பினால் அடுப்பை அணைத்துவிடலாம். தண்ணீராக அலைந்தால் இன்னும் 5 நிமிடம் விடுங்கள்.

நன்கு ஆறியபின் இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தே ஆக வேண்டும். கஸ்டர்டின் ஈரத்தை இழுத்துக் கேரமல் பாகாகக் கரைவதற்கு அத்தனை நேரம் தேவைப்படுகிறது. அவசரப்பட்டால் பாதி கேரமல் டப்பாவிலேயே ஒட்டிக்கொள்ளும். மறுநாள் ஓரத்தை மெல்லிய கத்தியால் விடுவித்து, விளிம்புள்ள தட்டை மேலே கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்புங்கள். சில நொடிகளில் காற்று புகுந்து அது 'தொப்'பென்று இறங்குவது கைக்கே தெரியும். டப்பாவின் அடியில் தங்கிய கேரமலைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் அதுவே கரைந்துவிடும்.