எதிரிகள் கைகோர்க்கும் ரோபோ கதை: வடசென்னையில் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்றையொன்று ஒழித்துக்கட்டத் துடிக்கும் இரண்டு ரோபோ கூட்டங்கள். வானத்திலிருந்தோ கடலுக்கடியிலிருந்தோ, கடவுளுக்கு நிகரான ஏதோ ஒன்று வந்து நிற்கிறது. வேறு வழியில்லாமல் இரண்டு கூட்டமும் கைகோர்க்கின்றன. வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் காமிக்ஸ் வரைகிற, குறும்படத்துக்குக் கதை எழுதுகிற பிள்ளைகள் பலர் இந்தக் கதையைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை வகை இது. அதனாலேயே நல்லபடி தொடங்கிய கதை பாதியில் படுத்துவிடும்போது வருத்தமாக இருக்கிறது. கதை கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

காரணமில்லாத பகை

ஒரு கூட்டத்துக்குச் சிவப்புக் கண், இன்னொன்றுக்கு நீலக் கண். முதல் பக்கத்திலேயே அடித்துக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "அவங்க கெட்டவங்க" என்று பதில் வருகிறது. சண்டைக்குக் காரணம் இல்லையென்றால் சமாதானத்துக்கும் மதிப்பு இல்லை. விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லாதவர்கள் கைகோர்ப்பதில் என்ன இருக்கிறது?

இந்த வகைக் கதைகளின் மூதாதை, வண்டியாகவும் விமானமாகவும் உருமாறும் ரோபோக்களின் கதையான ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ். ஜப்பானின் டகாரா நிறுவனம் செய்துவந்த டயாக்ளோன், மைக்ரோமேன் என்ற இரண்டு பொம்மை வரிசைகளிலிருந்து எடுத்து, ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984-ல் அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்றது. ஆட்டோபாட், டிசெப்டிகான் என்ற இரண்டு ரோபோ கூட்டங்களின் பகை பொம்மைகளோடு பிறந்ததல்ல. மார்வெல் காமிக்ஸ்காரர்களை வைத்துப் பிறகு எழுதிச் சேர்த்தது. பொம்மை விற்பதற்காகப் புனைந்த பகைதான், ஆனாலும் கார்ட்டூனில் அதற்கு அடியில் ஒரு பற்றாக்குறையை வைத்தார்கள்: அவர்களுடைய கிரகத்தில் எரிசக்தி தீர்ந்துவிட்டது, யாருக்கும் போதவில்லை. அந்த ஒரு காரணம் இத்தனை வருடக் கதைகளைத் தாங்கி நிற்கிறது.

வடசென்னையில் எழுதுகிறவர்களுக்குப் பற்றாக்குறையைத் தேடி வேறு கிரகத்துக்குப் போக வேண்டியதில்லை. எண்ணூர் முகத்துவாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்து கடலைத் தொடும் இடம். அனல்மின் நிலையத்தில் நீராவியைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். அது சூடாகத் திரும்பி வருகிறது. சாம்பல் கொண்டுபோகும் குழாய்கள் ஆற்றைக் கடக்கின்றன, உடைந்தால் சாம்பல் ஆற்றில் கலக்கிறது. இன்னொரு பக்கம் இறாலும் நண்டும் பிடிக்கிறவர்களுக்கு முகத்துவாரம் மணல் மூடாமல், அலை உள்ளே வந்து போக வேண்டும்.

இப்போது இரண்டு ரோபோ கூட்டங்களை வையுங்கள். கொதிகலன்களைக் காப்பதற்காகவே செய்யப்பட்ட 'சாம்பல் அணி'. முகத்துவாரத்தைத் தூர்வாரித் திறந்து வைப்பதற்காகவே செய்யப்பட்ட 'அலை அணி'. இருவருக்கும் வேண்டியது ஒரே தண்ணீர். இதில் யாரும் கெட்டவரில்லை. சாம்பல் அணி நின்றால் ஸ்டான்லி மருத்துவமனையில் விளக்கு அணையும். அலை அணி நின்றால் ஆறு சாகும். இப்படி ஒரு பகையை எழுதிவிட்டால், பேராபத்து வருவதற்கு முன்பே வாசகர் கதைக்குள் வந்துவிடுவார்.

பொது எதிரி வந்தால் போதும் என்ற நம்பிக்கை

நான் பார்த்ததில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. வானம் கறுக்கிறது, பிரம்மாண்டமான நிழல் விழுகிறது, அடுத்த பக்கத்தில் இரண்டு தலைவர்களும் கைகுலுக்குகிறார்கள். ஆபத்து வந்தால் மனிதர்கள் தானாகவே ஒன்றாகிவிடுவார்கள் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆனால் இந்த ஊரின் சரித்திரம் வேறு சொல்கிறது, அதை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பெரம்பூர் பக்கம் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் இருந்தன. பின்னி மில் என்றால் இன்றும் பெரியவர்களுக்குத் தெரியும். அந்தத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வது வழக்கம். பி.பி. வாடியா தலைவராக இருந்தார், திரு.வி.க. பின்னால் நின்றார். மூன்றே வருடத்தில், 1921-ல், மாதக்கணக்கில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. எதிரே நின்றது ஒரே நிர்வாகம், எல்லாருக்கும் பொதுவான எதிரி. ஆனால் சங்கம் இரண்டாகப் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் மோதல் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது.

இதை எழுதும்போது கூட எனக்கு வலிக்கிறது. 'துரோகம்' என்று ஒரே வார்த்தையில் இதை முடித்துவிடக் கூடாது. மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் வசதி எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. மில்லுக்கு வெளியே தெருவிலும் கிணற்றிலும் தன்னை ஒதுக்கி வைத்தவன், மில்லுக்குள் வந்து "நாம் எல்லாரும் ஒன்று" என்று சொன்னால் அதை எப்படி நம்புவது? பொது எதிரி இருந்தும், உள்ளே இருந்த பழைய கணக்கு தீராததால் ஒற்றுமை உடைந்தது.

உங்கள் ரோபோ கதைக்கு இதிலிருந்து கிடைப்பது ஏராளம். கூட்டணி பேச உட்காரும்போது யார் பசியோடு உட்காருகிறார்கள்? யாரிடம் பத்து நாளைக்கு மின்கலம் இருக்கிறது, யாரிடம் இரண்டு நாளைக்குத்தான் இருக்கிறது? சாம்பல் அணி "முதலில் எதிரியை முடிப்போம், முகத்துவாரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்று சொல்லும். வலியவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். அலை அணி "இப்போதே பேசு" என்று பிடிவாதம் பிடிக்கட்டும். அந்த ஒரு காட்சிக்கு நாலு பக்கம் கொடுங்கள். பேராபத்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது பழைய கணக்கைப் பேசுகிற அந்தப் பேச்சுவார்த்தையில்தான் கதையின் உயிர் இருக்கிறது.

ஒரே நொடியில் ஒத்துழைப்பு

சரி, ஒப்பந்தம் ஆகிவிட்டது. உடனே இரண்டு கூட்டமும் தோளோடு தோள் நின்று சுடுகின்றன. இது நடக்காது. நேற்றுவரை எதிரே இருப்பவனைப் பார்த்த மாத்திரத்தில் சுடும்படி செய்யப்பட்ட இயந்திரங்கள் அவை. நண்பனா பகைவனா என்று அடையாளம் காணும் குறியீட்டை முதலில் மாற்ற வேண்டும். அதை மாற்ற, உங்கள் ரகசியச் சாவியை நேற்றைய எதிரியிடம் கொடுக்க வேண்டும். சார்ஜர் பொருந்தாது, அலைவரிசை பொருந்தாது. எண்ணூர் உப்புக்காற்றில் ஒரு கூட்டத்தின் மூட்டுகள் துருப்பிடித்திருக்கும், இன்னொன்றுக்கு அது பழகியிருக்கும்.

இதில் எழுத்தாளருக்குக் கிடைத்த புதையல் ஒன்று கணினி அறிவியலில் இருக்கிறது. லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் மூவரும் 1982-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் விளக்கிய 'பைசாண்டியத் தளபதிகள்' புதிர். ஒரு நகரத்தைச் சுற்றித் தளபதிகள் நிற்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து தாக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாரும் சேர்ந்து பின்வாங்க வேண்டும். தூது மூலம்தான் பேச முடியும், அவர்களில் ஒருவன் துரோகி.

மொத்தம் மூன்று பேர், அதில் ஒருவன் துரோகி என்றால் நேர்மையானவர்கள் நிச்சயமாக ஒத்த முடிவுக்கு வர வழியே இல்லை என்று அவர்கள் நிரூபித்தார்கள். தலைவன் உன்னிடம் "தாக்கு" என்கிறான். பக்கத்தில் இருப்பவன் "என்னிடம் பின்வாங்கச் சொன்னான்" என்கிறான். பொய் சொன்னது தலைவனா, பக்கத்திலிருப்பவனா? உன்னால் கண்டுபிடிக்கவே முடியாது. நாலாவது ஆள் வேண்டும். இரண்டு துரோகிகள் என்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும். செய்தியில் போலி செய்ய முடியாத கையொப்பம் இருந்தால் இந்தக் கணக்கு தளர்கிறது. ஆனால் உங்கள் எதிரி கடவுளுக்கு நிகரானது. கையொப்பத்தையும் அதற்குப் போலியாகப் போடத் தெரியும் என்று வைத்துவிட்டால் மீண்டும் பழைய இக்கட்டுதான்.

இதைக் கதையாக்குங்கள். இரவு, பேசின் பிரிட்ஜ். சாம்பல் அணியில் ஒன்று, அலை அணியில் ஒன்று, பெரம்பூர் பணிமனையிலிருந்து வந்த ரயில் ரோபோ ஒன்று. மூன்றில் ஒன்று எதிரியின் பிடியில் இருக்கிறது. நாலாவதாக ஒருவரைச் சேர்த்தால்தான் தப்பிக்கலாம். அங்கே இருக்கும் நாலாவது ஆள் ஒரு மனிதர், இரவு வேலை முடிந்து சைக்கிளில் வரும் ஒரு பெண். இரண்டு கூட்டமும் இதுவரை ஒரு பொருட்டாகவே மதிக்காத அவரிடம், உலகத்தின் முடிவு வந்து நிற்கிறது. துப்பாக்கிச் சத்தம் ஒன்றுகூட இல்லாமல் நெஞ்சு படபடக்க வைக்கலாம்.

பேராபத்தை வெறும் பெரிய பூதமாக்குவது

எல்.ஐ.சி. கட்டடத்தைவிட உயரம், எண்ணூர் புகைபோக்கியைவிடப் பெரிய கை. பெரிதாக இருப்பது மட்டும் கடவுள்தன்மை ஆகாது. 1986-ல் வந்த ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் அனிமேஷன் படத்தில் யூனிக்ரான் ஒரு கிரகத்தின் அளவில் வந்து மற்ற கிரகங்களை விழுங்கியது. ஆனால் அதில் பயங்கரமான காட்சி என்று எனக்குத் தோன்றுவது விழுங்குவது அல்ல. சாகக் கிடக்கும் ஒரு தலைவனிடம் அது பேரம் பேசுகிறது. புது உடல் கொடுத்து அடிமையாக்கிக்கொள்கிறது. பின்னால் வந்த கதைகளில்தான் பிரைமஸ் என்ற படைப்புக் கடவுளுக்கு எதிரான இருள் கடவுள் என்று அதற்கு ஒரு வம்சமே எழுதினார்கள். கேட்டதைக் கொடுக்கக்கூடியது என்பதால்தான் அதைக் கடவுள் என்று நம்ப முடிகிறது.

நம் பக்கத்தில் கடவுள் எப்படி இருக்கிறார் என்பதையும் யோசியுங்கள். ஆடி மாதம் தெருத்தெருவாகக் கூழ் ஊற்றுகிறோம். மாசியில் மயானக்கொள்ளைக்கு அங்காளம்மன் புறப்படுகிறாள். அவளுக்குக் கோபம் வரும், ஆனால் அவளிடம் பேசலாம், சண்டை போடலாம், வேண்டிக்கொண்டு தணிக்கலாம். பயப்படுகிற அதே தெய்வத்தை "ஏம்மா இப்படிப் பண்ணின?" என்று கேட்கிற உரிமை இங்கே எல்லாருக்கும் உண்டு. அப்படியானால் உண்மையிலேயே அச்சமூட்டும் தெய்வம் எப்படி இருக்கும்? வேண்டுதலை எல்லாம் நிறைவேற்றும், ஆனால் யார் பேசினாலும் காதில் வாங்காது. சாம்பல் அணி கேட்ட தண்ணீரைக் கொடுக்கும், அலை அணி கேட்ட திறந்த கடலையும் கொடுக்கும், இரண்டையும் ஒன்றாகக் கொடுத்து ஊரை மூழ்கடிக்கும். இப்படி எழுதினால், ரோபோக்களில் ஒரு பகுதி அதைக் கும்பிடத் தொடங்குவதும் இயல்பாகவே வரும். எதிரியைக் கும்பிடுகிறவர்கள் இரண்டு கூட்டத்திலும் இருக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் மட்டும் வைத்தால் மறுபடியும் "அவங்க கெட்டவங்க" கதைக்கே போய்விடுவீர்கள்.

ஊரைத் திரைச்சீலையாகத் தொங்கவிடுவது

சுருக்கமாகச் சொல்கிறேன். வடசென்னை என்றதும் கத்தி, கஞ்சா, குறுகிய சந்து என்று வரைய வேண்டாம். வெளியிலிருந்து வருகிறவர்கள் அதைப் போதுமான அளவு செய்துவிட்டார்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் இங்கேதான் இருக்கிறது. 1955 முதல் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். இங்கே இருக்கிறது. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் எல்லாம் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ரோபோ கதை நடக்க இதைவிடப் பொருத்தமான இடம் எது? அப்புறம் பேச்சு. "இன்னாபா" என்று பேசும் ரோபோவைச் சிரிப்புக்கு மட்டும் வைத்துவிட்டு, தலைவனைச் செய்தி வாசிக்கிற தமிழில் பேச விடுகிறார்கள். கூட்டணியின் மிகக் கனமான வசனத்தை நம் தெருப் பேச்சில் எழுதிப் பாருங்கள், அது தாங்கும்.

வெற்றிக்குப் பிறகு என்ன என்று கேட்காமல் விடுவது

எதிரி வெடித்துச் சிதறுகிறது, எல்லாரும் ஆர்ப்பரிக்கிறார்கள், முற்றும். சிதறியது எங்கே விழுந்தது? 2017 ஜனவரி கடைசியில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் கரையில் களிம்பு போல ஒதுங்கிய எண்ணெயை மனிதர்கள் வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். அவ்வளவு பெரிய இயந்திரங்கள் சூழ்ந்த கடற்கரையில், கடைசியில் வந்தது வாளிதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலும் எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்து, மறுபடியும் மீனவர்கள் படகில் போய் அள்ள வேண்டியிருந்தது. கடவுள் அளவு உள்ள ஒன்று எண்ணூரில் விழுந்து செத்தால் அதை யார் அள்ளுவார்கள், எதை வைத்து அள்ளுவார்கள், அவர்களுக்கு யார் கூலி கொடுப்பார்கள் என்று எழுதுங்கள். அந்த வேலையை இரண்டு ரோபோ கூட்டங்களும் செய்கின்றனவா, நழுவுகின்றனவா என்பதில் கூட்டணியின் உண்மை தெரிந்துவிடும்.

எதிரி போனபின் எல்லாரும் நண்பர்களாகிவிடுவதும் இதே தவறுதான். காசிமேட்டில் விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் ஒரே கடலில் பல வருடம் மோதல் இருந்தது. மாநிலம் முழுக்க இருந்த அந்த மோதலுக்கு 1983-ல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையை ஒட்டிய பகுதியைச் சிறு படகுகளுக்கு ஒதுக்கியது. அதன் பிறகும் எல்லை தாண்டுவதும் தகராறும் இருக்கின்றன, ஆனால் சண்டை போடும்போது சுட்டிக்காட்ட எழுதி வைத்த விதி ஒன்று இருக்கிறது. உங்கள் கடைசிப் பக்கத்தில் கட்டிப்பிடித்து நிற்கும் இரண்டு தலைவர்களை எடுத்துவிட்டு, முகத்துவாரத்து நீரை எந்த மணியிலிருந்து எந்த மணிவரை யார் எடுப்பது என்ற அட்டவணையை வையுங்கள். அதன் முதல் வரியைப் படித்ததுமே அலை அணியில் ஒன்று எழுந்து ஆட்சேபிக்கட்டும்.