ஸ்டார்ஃபீல்ட் விளையாடத் தொடங்குவோருக்கு: முதல் சில மணி நேரங்களுக்கான செய்முறை விளக்கம்

பெதஸ்டா கேம் ஸ்டூடியோஸ் 2023 செப்டம்பர் மாதம் வெளியிட்ட ஸ்டார்ஃபீல்ட், 2330ஆம் ஆண்டில் நடக்கும் விண்வெளிப் பயணத்தைக் கதையாகக் கொண்ட ரோல்-பிளேயிங் கேம்; அதாவது, ஒரு கதாபாத்திரத்தை நாமே உருவாக்கி, அதன் பங்கை ஏற்று விளையாடும் கேம். இதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டதும், அத்தனையையும் சுற்றிப் பார்த்துவிடும் ஆர்வத்தில் புறப்படுகிற புதியவர்கள் பாதியிலேயே சலித்து விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விண்கப்பலின் மின்சக்தியைப் பங்கிடுவதையும், சுமக்கும் எடையைக் கட்டுக்குள் வைப்பதையும் முதலில் கற்றுக்கொண்டுவிட்டால், மற்றவை எல்லாம் தாமாகவே கைக்கு வந்துவிடும். கணினியில் விளையாடுவோர் இதை எஸ்எஸ்டி எனப்படும் வேகமான சேமிப்பகத்தில்தான் நிறுவ வேண்டும். 125 ஜிபி இடம் தேவைப்படும்.

படி 1: பாத்திரத்தை உருவாக்குதல்

வெக்டெரா என்னும் துணைக்கோளின் சுரங்கத்தில் கதை தொடங்குகிறது. அங்கே ஒரு மர்மப் பொருளைத் தொட்டு மயங்கி விழுந்து எழுந்த பிறகே உங்கள் தோற்றத்தையும் பின்னணியையும் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஒவ்வொரு பின்னணியும் மூன்று திறன்களை முதலிலேயே தந்துவிடும். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பவுண்டி ஹன்டர்; ஏனெனில் கப்பல் ஓட்டுதல், எதிரிக் கப்பலின் பாகங்களைக் குறிவைத்தல், பூஸ்ட் பேக்கைப் பயன்படுத்துதல் ஆகிய மூன்றும் அதில் சேர்ந்தே கிடைக்கின்றன. பூஸ்ட் பேக் பயிற்சி இல்லாதவர் அதை முதுகில் மாட்டியிருந்தாலும் எழும்பிப் பறக்க முடியாது என்பதைப் பலர் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். சிறப்புப் பண்புகள் மூன்று வரை எடுக்கலாம். எல்லாவற்றிலும் நன்மையோடு ஒரு குறையும் இருப்பதால், எதையும் எடுக்காமல் விட்டாலும் தவறில்லை.

படி 2: கப்பலைக் கையாளுதல்

ஃபிரான்டியர் என்னும் கப்பல் உங்கள் கைக்கு வந்து, வாஸ்கோ என்னும் ரோபோவோடு விண்ணுக்கு எழும்பிய சிறிது நேரத்திலேயே கொள்ளையர் கப்பல்கள் தாக்கும். இந்தச் சண்டையை அவசரமாக முடிக்காமல், ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். திரையின் கீழ் மூலையில் லேசர், பாலிஸ்டிக் (குண்டு சுடும் துப்பாக்கி), ஏவுகணை, எஞ்சின், ஷீல்ட் (கப்பலைக் காக்கும் கவசம்), கிராவ் டிரைவ் (வேறு விண்மீன் மண்டலத்துக்குத் தாவ உதவும் இயந்திரம்) ஆகியவற்றின் மின்சக்தி அளவைக் காட்டும் கட்டைகள் வரிசையாக நிற்கும். கப்பலின் மின் உலையிலிருந்து கிடைக்கும் மின்சக்தி வரம்புக்குட்பட்டது என்பதால், ஒன்றுக்குக் கூட்ட வேண்டுமானால் மற்றொன்றிலிருந்து குறைத்தே ஆக வேண்டும். சண்டை நடக்கும்போது கிராவ் டிரைவ் கட்டையைக் காலியாக விட்டு, அந்தச் சக்தியை ஷீல்டுக்கும் ஆயுதங்களுக்கும் கொடுங்கள். சண்டை முடிந்து வேறொரு விண்மீன் மண்டலத்துக்குத் தாவும்போது மட்டும் அதை நிரப்பினால் போதும்.

லேசர் எதிரியின் ஷீல்டை வேகமாகக் கரைக்கும். பாலிஸ்டிக் துப்பாக்கி கப்பலின் உடலை வேகமாகச் சிதைக்கும். ஆகவே முதலில் லேசரால் ஷீல்டை முழுவதுமாக இறக்கிவிட்டு, அதன் பிறகு பாலிஸ்டிக்கைத் தொடர்ந்து அழுத்துங்கள். வேகமானியை நன்றாகக் கவனித்தால் நடுவில் ஒரு பகுதி தனியாகக் குறிக்கப்பட்டிருப்பது தெரியும். வேகத்தை அந்த அளவில் வைத்தால்தான் கப்பல் மிக விரைவாகத் திரும்பும். எதிரி உங்கள் பின்னால் வந்து சுடும்போது முழு வேகத்தில் ஓடுவதை விட, வேகத்தைப் பாதியாக்கித் திரும்பி எதிர்கொள்வதே நல்லது. கப்பலின் உடல் சேதமடைந்தால் ஷிப் பார்ட்ஸ் என்னும் பழுதுபார்ப்புப் பொருளைப் பயன்படுத்திச் சரிசெய்யலாம் என்பதால், கையில் எப்போதும் சில இருக்கட்டும்.

படி 3: எடையைக் கட்டுக்குள் வைத்தல்

கிரீட் துணைக்கோளில் உள்ள ஆய்வுக்கூடத்தில் சண்டையை முடித்துவிட்டு, ஆல்ஃபா சென்டாரி மண்டலத்தின் ஜெமிசன் கோளில் உள்ள நியூ அட்லாண்டிஸ் நகருக்குச் செல்வீர்கள். அதற்குள் கண்ணில் பட்ட பொருளையெல்லாம் எடுத்துப் பையில் போட்டிருந்தால், ஓடத் தொடங்கிய உடனேயே ஆக்சிஜன் கட்டை சுருங்கி, கார்பன் டை ஆக்சைடு ஏறி, உயிரளவு குறையத் தொடங்கும். குவளை, நோட்டுப் புத்தகம், தட்டு போன்றவற்றைத் தொடவே வேண்டாம். ஆயுதம், தோட்டா, உயிரளவைக் கூட்டும் மெட் பேக், பூட்டைத் திறக்க உதவும் டிஜிபிக் ஆகியவை மட்டும் போதும்.

கான்ஸ்டலேஷன் என்னும் விண்வெளி ஆய்வாளர் குழுவின் இல்லமான லாட்ஜின் அடித்தளத்தில் அளவே இல்லாத கொள்ளளவு கொண்ட ஒரு பெட்டி இருக்கிறது. பிற்காலத்தில் தேவைப்படும் என்று தோன்றும் தாதுக்களை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். கடைக்காரரிடம் விற்கும்போது, கப்பலின் சரக்கறையில் இருப்பவற்றையும் நேரடியாக விற்க முடியும் என்பதால், அனைத்தையும் தோளில் தூக்கிக்கொண்டு நகருக்குள் நடக்க வேண்டியதில்லை.

படி 4: திறன்களை வளர்த்தல்

ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஒரு திறன் புள்ளி கிடைக்கும். ஒரு திறனைத் திறந்துவிட்டாலே அடுத்த நிலைக்குப் போய்விட முடியாது. அதற்கென உள்ள சவாலையும் முடிக்க வேண்டும். கப்பல் ஓட்டும் திறனுக்கு எதிரிக் கப்பல்களை அழிப்பதே சவால். அதன் மூன்றாம் நிலையில் பி வகைக் கப்பல்களும், நான்காம் நிலையில் சி வகைக் கப்பல்களும் ஓட்டக் கிடைக்கும். ஆகவே அன்றாடம் நீங்கள் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு ஏற்ற திறன்களையே முதலில் எடுங்கள்.

படி 5: கோள்களை ஆராய்தல்

கோளில் இறங்கியதும் ஸ்கேனரைத் திறந்து, தாவரம், விலங்கு, தாது ஆகியவற்றைப் பதிவு செய்துகொண்டே நடங்கள். 2024 ஆகஸ்டில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு ரெவ்-8 என்னும் தரை வாகனத்திலும் சுற்றலாம். ஒரு கோளின் ஆய்வு முழுமையடைந்ததும் கிடைக்கும் தரவைக் கடைகளில் விற்றுவிடாமல், ஜெமிசனைச் சுற்றிவரும் தி ஐ என்னும் விண்வெளி நிலையத்தில் இருக்கும் கான்ஸ்டலேஷன் உறுப்பினர் விளாடிமிரிடம் கொண்டுசெல்லுங்கள். அவர் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொள்வார்.