கடற்கரை பைக் ராலிக்குக் கிளம்பும் முன்: முதலில் அந்த ஸ்பேனரைக் கீழே வையுங்கள்

ராலி சீசன் வந்துவிட்டால் போதும், முதன்முதலாக நீண்ட ரைடு கிளம்புகிறவர்கள் அதே குழிகளில் அதே வரிசையில் விழுகிறார்கள். பழைய ஆட்களும் அதில் விழுந்து எழுந்தவர்கள்தான், நானும் உட்பட. ஹெல்மெட் போடுங்கள், பெட்ரோல் இருக்கிறதா பாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. நல்ல ஹெல்மெட், நல்ல ஜாக்கெட், சர்வீஸ் முடித்த பைக் எல்லாம் இருந்தும் ஆட்கள் நடுவழியில் நிற்கிறார்களே, அதைப் பற்றித்தான் பேச்சு.

## முந்தின நாள் புது வேலை

நாளை காலை கிளம்ப வேண்டும், இன்று மாலை புது டயர் மாட்டுவார்கள். புது டயரின் மேல்பரப்பு வழுக்கும். முதல் 150 கிலோமீட்டர் போல நிதானமாக ஓட்டி, மெல்ல மெல்லச் சாய்த்துத்தான் அதைப் பழக்க வேண்டும். முதல் மலை வளைவு அதற்கான இடம் இல்லை. புது பிரேக் பேடும் அப்படித்தான், டிஸ்க்கோடு படிய நேரம் கேட்கும். புது கிளட்ச் கேபிள் மாட்டினால் சில நாளில் கொஞ்சம் தளரும், மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். கூடுதல் விளக்குக்காக இழுத்த வயரிங் மழை வரும்வரை நன்றாகவே இருக்கும்.

எதை மாட்டினாலும் இரண்டு வாரம் முன்பே மாட்டுங்கள். அப்புறம் மூட்டை முடிச்சு எல்லாம் கட்டி ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். எது ஆடுகிறது, எது உரசுகிறது, எது முதுகை வலிக்க வைக்கிறது என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிடும்.

## செயினை "டைட்டா" வைப்பது

இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னை எரிச்சலாக்குவது இதுதான். செயினுக்குப் பதில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) வைத்த பைக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். கிளம்பும் காலையில் எல்லார் பைக்கிலும் செயினை ஷூ முனையால் தட்டிப் பார்ப்பார். "என்ன தம்பி, இவ்வளவு லூஸா இருக்கு? லாங் போறோம்ல?" என்பார். தம்பியும் பயந்துபோய் ஸ்பேனரை நீட்டுவான். ஐந்து நிமிடத்தில் செயின் வீணைத் தந்தி போல நிற்கும். பார்க்க அழகாகவே இருக்கும். அந்தத் தம்பியிடம் கையேடு இருந்தது, பெட்டிக்குள். யாரும் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். செயினில் இருக்கும் தளர்வு தேய்மானத்தால் மட்டும் வருவதில்லை, வேண்டும் என்றேதான் விட்டிருக்கிறார்கள். முன் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) மையம், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையான ஸ்விங் ஆர்ம் பைக்கோடு சேரும் பெரிய போல்ட், பின் சக்கரத்தின் அச்சான ஆக்ஸில் என்ற மூன்று புள்ளிகளைப் பாருங்கள். பைக் சும்மா நிற்கும்போது இவை ஒரே கோட்டில் இருக்காது, ஆக்ஸில் கொஞ்சம் கீழே தொங்கும். ஆள் ஏறி, பின்னால் இன்னொருவர் ஏறி, பெட்டிகளும் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். ஸ்விங் ஆர்ம் மேலெழும். மூன்று புள்ளிகளும் நேர்கோட்டுக்கு வரும் இடத்தில்தான் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே தூரம் அதிகபட்சம். அந்தத் தூரத்தைத் தொடுவதற்கான செயின்தான் ஸ்டாண்டில் நிற்கும்போது "லூஸாக" தெரிகிறது.

அந்தத் தளர்வை எடுத்துவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்விங் ஆர்ம் மேலே போகப் பார்க்கும், செயின் விடாது. அந்த இழுப்பு முழுவதும் எங்கே போகும்? முன் ஸ்ப்ராக்கெட் உட்கார்ந்திருக்கும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டுக்கும், அதைத் தாங்கும் பேரிங்குக்கும், ஆயிலை அடைத்து வைத்திருக்கும் சீலுக்கும். மறுபக்கம் பின் சக்கர பேரிங்குகளுக்கு. பின் ஷாக் அப்சார்பரும் வேலை செய்ய முடியாமல் பைக் கல்லாகிப் போகும்.

நான் சொன்ன அந்தத் தம்பிக்கும் அதுவேதான் நடந்தது. பின்னால் நண்பன், இரண்டு பக்கமும் பை. முதல் இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு ரீங்காரம், ஆனால் காற்றுச் சத்தத்தில் ஹெல்மெட்டுக்குள் அது கேட்கவில்லை. பின்னால் வந்த எனக்குத்தான் கேட்டது. நிறுத்தியபோது செயினில் கை வைக்க முடியாத சூடு. முன் ஸ்ப்ராக்கெட் மூடியின் கீழே ஆயில் கசிந்து தூசியோடு பிசைந்திருந்தது. அப்போதாவது செயினைத் தளர்த்தியிருக்கலாம். தட்டிப் பார்த்த அதே பெரியவர், "ஆயில்தானே, ஊத்திக்கலாம் வா" என்றார். தளர்த்தலாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. ராலிக்கு இன்னும் அரை நாள் தூரம் இருக்கும்போது அந்த பைக் லாரியில் ஏறியது. சீல் மட்டும் என்றால் பல பைக்குகளில் வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். பேரிங் போய்விட்டால் பெரும்பாலான பைக்குகளில் எஞ்சினை இறக்கி, இரண்டாகப் பிரித்தால்தான் கை நுழையும். ஒரு ஸ்பேனர், ஐந்து நிமிடம், அதற்கு இந்த விலை.

சரி, எப்படிப் பார்ப்பது? சாதாரண ரோடு பைக்குகள் பலவற்றில் கீழ்ச் செயினின் நடுவில் மேலும் கீழும் மொத்தம் 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட்டம் கேட்பார்கள். சஸ்பென்ஷன் நீளமான அட்வெஞ்சர் பைக்குகளில் அது 40ஐத் தாண்டும். உங்கள் பைக்கின் எண் ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். ஸைடு ஸ்டாண்டில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்களா, சென்டர் ஸ்டாண்டிலா என்பதையும் படியுங்கள், அளவு மாறும்.

செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எங்கே அதிகம் இறுக்கமோ அந்த இடத்தில் அளவெடுங்கள். லூஸான இடத்தில் அளந்து இறுக்கினால், இறுக்கமான இடம் சுற்றி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். அளந்து முடித்ததும் இரண்டு நண்பர்களை ஏற்றி, அந்த மூன்று புள்ளிகள் நேராகும்வரை பின்பக்கத்தை அமுக்கச் சொல்லுங்கள். அப்போதும் விரலால் தூக்கினால் செயின் கொஞ்சமாவது ஆட வேண்டும். ஆடாவிட்டால் ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் உங்கள் செயின் இறுக்கம்.

இன்னொன்றை நிறையப் பேர் மறக்கிறார்கள். பின்னால் டிரம் பிரேக் உள்ள பைக்கில் செயினை இறுக்க ஆக்ஸிலைப் பின்னால் தள்ளினால் பிரேக் ராடும் சேர்ந்து இழுபடும். பெடலின் ஆட்டம் குறையும், சில நேரம் பிரேக் ஷூ டிரம்மைத் தொட்டுக்கொண்டே ஓடும். செயினைத் தொட்டால் பின் பிரேக்கையும் பாருங்கள், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்.

லூஸ் செயினும் ஆபத்துதான், கழன்று பின் சக்கரத்தைப் பூட்டிவிடலாம். அளவைத் தாண்டினால் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் காலால் தட்டிப் பார்த்து அல்ல, ஸ்கேல் வைத்து. செயினைத் தட்டுகிறவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும் உங்கள் ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள்.

## டயர் காற்று

ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். பில்லியனும் (பின்னால் உட்காருகிறவர்) சுமையும் இருந்தால் அதற்குத் தனி அளவு உண்டு. ஓடிச் சூடானதும் அழுத்தம் கூடத்தான் செய்யும், அதைக் கண்டு காற்றை இறக்காதீர்கள்.

## மூட்டை

கனமானது கீழே, பைக்கின் நடுப்பக்கமாக. டாப் பாக்ஸில் கருவிகளையும் பூட்டுகளையும் அடைத்தால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு கழன்றால் நேராகப் பின் சக்கரத்துக்குத்தான் போகும். பக்கிள் வைத்த பட்டை வாங்குங்கள், தொங்கும் நுனியைச் சுருட்டிச் செருகுங்கள். சுமை ஏறியதும் ஹெட்லைட் மேல்நோக்கிப் போயிருக்கும், எதிரே வருகிறவர் அதற்காகத் திட்டுவார்.

## அழகான பாதையைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்வது

திட்டம் போடும்போது எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள். பகலில் நெடுஞ்சாலை, மாலையில் மலை இறங்கிக் கடலோரம், சூரியன் விழும்போது ராலி. படத்துக்கு நன்றாக இருக்கும். ஓட்டுவதற்கு இதைவிட மோசமான வரிசை கிடையாது.

நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு 80 கிலோமீட்டர் போன கணக்கை மலைச்சாலைக்கும் போடுகிறார்கள். அங்கே பாதி வந்தாலே பெரிது. ஆக, இருட்டும் நேரத்தில், களைத்த கையோடு, நாளிலேயே கஷ்டமான சாலையில் இருப்பீர்கள். கடலுக்கு வேறு நேரக் கணக்கு. பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும், அதனால் மதியத்துக்கு மேல் கடற்காற்று கரையை நோக்கி வலுக்கும். கடலோரச் சாலையில் அது பக்கவாட்டில் தள்ளும். பாலத்தின் மேலும், குன்றின் மறைவு முடியும் இடத்திலும் திடீரென்று அறையும். பெரிய லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும், முந்தி வெளியே வந்த நொடியில் மறுபடி அடிக்கும். உயரமான பெட்டி வைத்தவர்கள் இதை அதிகம் உணர்வார்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். முட்டியால் டேங்கைப் பிடியுங்கள், கைகளைத் தளர விடுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

காட்சிப் பாதைக்கு இரவு தங்கி, காலையில் புது ஆளாகப் போங்கள். காற்றும் குறைவாக இருக்கும். காட்சியைப் பார்க்க வேண்டுமா, நிறுத்திப் பாருங்கள். பைக் கண் போகும் திசைக்குப் போகும், வளைவில் கடலைப் பார்த்தால் கடலுக்கே போகும்.

## குழுவின் வேகம்

முன்னால் போகிறவர் 80இல் போனால் கடைசி ஆள் இடைவெளியைப் பிடிக்க 100இல் ஓடுவார். அதனால் புதியவரை வரிசையின் கடைசியில் விடக் கூடாது. லீடுக்கு அடுத்த இடம் அவருக்கு. கடைசியில் ஸ்வீப்பாக, அதாவது யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள, நிதானமான ஆள் ஒருவர் இருக்கட்டும்.

வளைவுகளில் ஜிக்ஜாக் வரிசை வேண்டாம், ஒருவர் பின் ஒருவர். சந்திப்பில் திரும்பும் முன் பின்னால் வருகிறவர் உங்களைப் பார்த்துவிட்டாரா என்று பார்த்துத் திரும்புங்கள். எல்லாரும் இதை மட்டும் செய்தாலே யாரும் தொலைய மாட்டார்கள்.

## தண்ணீர்

தாகம் எடுக்கும் முன். வியர்வையைக் காற்று உலர்த்திவிடும், தெரியவே தெரியாது.

## காது

நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் 100 டெசிபெல்லை நெருங்கும். சாயங்காலம் வரும் தலைபாரத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். நீங்கள் ஓட்டும் இடத்துச் சட்டம் அனுமதித்தால் நுரை இயர்ப்ளக் போடுங்கள்.

## மணலில் ஸைடு ஸ்டாண்ட்

ராலி மைதானத்தில் வரிசையாக நூறு பைக். ஒன்று சாய்ந்தால் எத்தனை சாயும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டை பையில் இருக்கட்டும். முதல் கியரில் நிறுத்துங்கள். மதிய வெயிலில் தாரும் இளகும், மணல் மட்டும்தான் என்றில்லை.

## அலையில் பைக் ஓட்டி போட்டோ

வேண்டாம்.

## திரும்பும் நாள்

நள்ளிரவு வரை பாட்டு, நாலு மணிக்குப் படுக்கை, ஏழு மணிக்குக் கிளம்புவது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமாம். முதல் நாள் எல்லா ஜாக்கிரதையோடும் வந்தவர்கள் திரும்பும்போது தூக்கத்தில் ஓட்டுகிறார்கள். குடித்திருந்தால் இன்னும் மோசம். உடம்பு ஆல்கஹாலைத் தன் வேகத்தில்தான் கரைக்கும், காபியும் குளியலும் அதை முடுக்காது. ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுங்கள், இல்லையென்றால் கடைசி நாள் நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள்.

## உப்பு

கடலோரத்தில் இரண்டு நாள் நின்ற பைக்கில் உப்பு படியாமல் இருக்காது, அலையைத் தொடாவிட்டாலும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், அழுத்தம் இல்லாமல். பிரஷர் பம்ப்பை சக்கர பேரிங்கிலும் மின் கனெக்டரிலும் காட்டினால் உப்புத் தண்ணீரை நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள். செயினை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, கீழ்ச் செயினின் உட்பக்கத்தில் செயின் லூப் (மசகு ஸ்ப்ரே) அடியுங்கள். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஓ-ரிங் செயினுக்கு (இணைப்புகளுக்குள் ரப்பர் வளையம் உள்ளது) ஆகாது. காலையில் பிரேக் டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். அதைப் போக்கச் செயின் ஸ்ப்ரேயை டிஸ்க்கில் அடித்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். தெரு முனையில் பிரேக்கே பிடிக்கவில்லை, பேடைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.