சிஸ்டம் ஃபைலை அழிச்சுட்டீங்களா? ஃபார்மட் போடறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க

போன வாரம் சென்னிமலையிலிருந்து அக்கா பையன் கூப்பிட்டான். "மாமா, கடைக் கம்ப்யூட்டரு எந்திரிக்கவே மாட்டீங்குதுங். நீலமா ஒரு ஸ்கிரீன் வந்து நின்னுக்குதுங்." சி டிரைவ் நிறைஞ்சுடுச்சுன்னு ஏதோ வீடியோவைப் பார்த்து, சிஸ்டம்32 ஃபோல்டருக்குள்ள (விண்டோஸ் ஓடறதுக்கான ஃபைலெல்லாம் இருக்கற இடம்) அனுமதியை மாத்தி, பேரு புரியாத ஃபைலையெல்லாம் ஷிஃப்ட் டெலீட் அடிச்சிருக்கான். சர்வீஸ் கடையில "ஃபார்மட்தான் போடோணும்"னுட்டாங்களாம். ஃபார்மட்னா டிஸ்க்கைத் துடைச்சுடறது. பெட்ஷீட் கடையோட மூணு வருச டேலி கணக்கு அதுக்குள்ள இருக்கு.

பதற வேண்டாமுங்க. போனது விண்டோஸோட ஃபைல். உங்க கணக்கு அதே டிஸ்க்ல அப்படியேதான் இருக்கும்.

கம்ப்யூட்டர் இன்னும் ஓடுதா?

ரீசைக்கிள் பின்னைப் பாருங்க. அங்க இருந்தா ரெஸ்டோர் கொடுத்தாப் போதும். இல்லைன்னா கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளை அடிக்கிற கறுப்புத் திரை) அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து, இந்த ரெண்டையும் வரிசையா ஓட்டுங்க (அடிக்கிறது ஆங்கில எழுத்துல):

டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்
எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்

முதல் கட்டளைக்கு நெட் வேணும். சில சமயம் நகராத மாதிரி நிக்கும், பொறுத்திருங்க. விண்டோஸ் தன் ஃபைல்களுக்கு வின்எஸ்எக்ஸ்எஸ்-ங்கிற ஃபோல்டர்ல பிரதி வெச்சிருக்கும். முதல் கட்டளை அந்தப் பிரதிகளைச் சரி பண்ணும். ரெண்டாவது, காணாமப் போனதை அங்கிருந்து எடுத்து வைக்கும். எவ்வளவு பெருசாத் தெரிஞ்சாலும் அந்த ஃபோல்டர்ல மட்டும் கை வெச்சுடாதீங்க.

எந்திரிக்கவே இல்லையா?

விண்டோஸ் சின்னம் வரும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைங்க. ரெண்டு மூணு தடவை இப்படிச் செஞ்சா ரிப்பேர் திரை தானா வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட்னு போங்க. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) சாவி கேட்டா, அது 48 இலக்க எண். பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல இருக்கும்.

இப்போ பென்டிரைவைச் சொருகிட்டு, அந்தக் கறுப்புத் திரையில நோட்பேட்னு அடிச்சு என்டர் தட்டுங்க. ஃபைல், ஓப்பன் போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுங்க. திறக்கற அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளயே உங்க டிரைவ் எல்லாம் தெரியும். டேலி டேட்டா ஃபோல்டர்ல ரைட் கிளிக், காப்பி. பென்டிரைவுக்குப் போய் பேஸ்ட். எத்தனை சதவீதம் முடிஞ்சுதுன்னு எதுவும் காட்டாது, பெட்டி உறைஞ்ச மாதிரி நிக்கும். அக்கா பையன் அங்கதான் பயந்துட்டான். "தொடாதே கண்ணு, காப்பி ஆயிட்டிருக்கு"ன்னு போன்லயே பிடிச்சு நிறுத்தி வெச்சேன். கணக்கு பென்டிரைவுக்கு வந்ததும்தான் எனக்கும் மூச்சு வந்துச்சு.

அதே பெட்டியில விண்டோஸ் ஃபோல்டர் எந்த எழுத்துல இருக்குன்னு பார்த்துக்கோங்க. இங்க சி, டி-ன்னு மாறிக் காட்டலாம். டி-ன்னா, நோட்பேடை மூடிட்டு அந்தக் கறுப்புத் திரையில இதை அடிங்க:

எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் /ஆஃப்பூட்டிஐஆர்=டி:\ /ஆஃப்வின்டிஐஆர்=டி:\விண்டோஸ்

(டிஐஆர்-ங்கிறது டி, ஐ, ஆர்-னு மூணு ஆங்கில எழுத்து, சேர்த்தே அடிங்க. சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடாதீங்க.) சென்னிமலைக் கம்ப்யூட்டர் இதுலயே எந்திரிச்சுடுச்சு.

கேக்கலைன்னா, அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல சிஸ்டம் ரெஸ்டோர். அழிச்ச நாளுக்கு முந்தின தேதியைத் தேர்ந்தெடுங்க. அதுக்கப்பறம் ஏத்தின புரோகிராம்கள் போகும், ஆவணங்கள் இருக்கும். அதுவும் இல்லைன்னா டிரபிள்ஷூட்ல 'ரீசெட் திஸ் பிசி', 'கீப் மை ஃபைல்ஸ்'. இதுல டேலி, பிரிண்டர் சாஃப்ட்வேர் எல்லாம் மறுபடியும் ஏத்தோணும்.

மறுபடி சி டிரைவ் நிறைஞ்சா செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போய் அங்கிருந்து அழியுங்க. அந்தப் பட்டியல்ல டவுன்லோட்ஸும் இருக்கும். உங்க பில்லு, கொட்டேசன் எல்லாம் அதுல கிடந்தா அந்த டிக்கை எடுத்துடுங்க.