ஆணியில் துரு ஏறாமல் தடுக்கும் சர்ஃபேக்டன்ட்: வீட்டிலேயே ஒரு சோதனை

காற்று பட்ட இரும்பின்மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். சர்ஃபேக்டன்ட் என்பது சோப்பைப் போல, நீரை விரும்பும் தலையும் நீரை விலக்கும் வாலும் கொண்ட பொருள். அதன் மூலக்கூறு பிடித்துக்கொள்வது இரும்பை அல்ல, அந்தப் படலத்தைத்தான். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தேவை: சோடியம் லாரில் சல்பேட் தூள் (இதுதான் நம் சர்ஃபேக்டன்ட்), பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர், துத்தநாகப் பூச்சு இல்லாத மூன்று ஆணிகள், உப்புத்தாள், சமையல் உப்பு, மூன்று கண்ணாடி டம்ளர்கள். தூள் மூக்கில் ஏறினால் எரியும், முகக்கவசம் அணியுங்கள்.

படி 1: மின்சுமையைப் பாருங்கள்

நீரில் ஆக்சைடு பரப்பு ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளால் மூடப்பட்டிருக்கும். அமிலத்தில் அவை புரோட்டானை ஏற்று நேர்மின்சுமை பெறும். காரத்தில் இழந்து எதிர்மின்சுமை பெறும். இரும்பின் ஆக்சைடான ஃபெரிக் ஆக்சைடுக்கு இந்த மாற்றம் பெரும்பாலும் பிஹெச் 8, 9 வாக்கில் நிகழ்கிறது. ஆகவே நடுநிலை நீரில் எதிர்மின்சுமைத் தலை கொண்ட லாரில் சல்பேட் ஒட்டும். சிலிக்காவுக்கு மாற்றம் 2-க்கு அருகிலேயே நடந்துவிடுவதால் அங்கே இதே பொருள் பலிக்காது.

படி 2: கரைசல்

மூன்று டம்ளரிலும் ஒரே அளவு வடிநீரும் ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள். முதல் டம்ளரில் வேறெதுவும் வேண்டாம். இரண்டாவதில் லிட்டருக்கு 0.2 கிராம், மூன்றாவதில் 2 கிராம் என்ற கணக்கில் தூளைக் கலக்குங்கள். நுரை வராமல் மெதுவாகக் கலக்குவது நல்லது.

அளவு ஏன் முக்கியம்? மிகக் குறைவாக இருந்தால் மூலக்கூறுகள் தனித்தனியாக ஒட்டும்; இடைவெளியில், துருவைத் தூண்டும் உப்பின் குளோரைடு நுழையும். அளவு கூடும்போது பன்னிரண்டு கார்பன் வால்கள் ஒன்றையொன்று நெருங்கி அணைந்து, ஒட்டுவது திடீரென ஏறும். தூய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிராமைத் தாண்டினால், கூடுதல் மூலக்கூறுகள் நீரிலேயே மிசெல்களாக, அதாவது வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயும் இருக்கும் சிறு கொத்துகளாகத் திரளும். உப்பு இருந்தால் அதற்கு முன்பே. அதற்குமேல் கொட்டுவது வீண்செலவு.

படி 3: ஆணி

உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, உடனே மூழ்கவிடுங்கள். தலையையும் கூர்முனையையும் கவனியுங்கள்: அடித்து உருவாக்கிய இடங்கள் என்பதால் பழுப்பு நிறம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தோன்றும்.

துரு அடியோடு நின்றுவிடாது. ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்று ஒடுக்கமடையும் இடங்களில் பிஹெச் உயர்ந்து, பரப்பு எதிர்மின்சுமை பெற்று, சல்பேட் தலையைத் தள்ளிவிடும். துருத்தடுப்பிகளில் லாராயில் சார்கோசினேட் போன்ற வேறு சர்ஃபேக்டன்ட்களைச் சேர்ப்பது இதனால்தான். அதன் கார்பாக்சிலேட் தலை மின்சுமையை மட்டும் நம்பாமல் இரும்பு அயனியோடு நேரடியாகப் பிணையும். கிடைத்தால் நான்காவது டம்ளரில் அதைப் போட்டுப் பாருங்கள்.