சாராயத்தில் பச்சிலை மணம் ஏற்றும் முறை

மட்டக்களப்பு வீட்டு முற்றங்களில் வளரும் எலுமிச்சம்புல்லையும் சந்தையில் கிடைக்கும் புதினாவையும் கொண்டு தென்னஞ்சாராயத்துக்கு நல்ல மணம் ஏற்றலாம். ஆனால் உரிமம் பெற்ற கடையில் வாங்கிய, முத்திரை உடையாத போத்தலையே பயன்படுத்த வேண்டும். கசிப்பு எனப்படும் கள்ளச்சாராயத்தில் மெதனோல் என்னும் நச்சு மதுசாரம் கலந்திருந்தால் அது கண்ணையும் உயிரையும் பறிக்கும், எந்த இலையும் அதை முறிக்காது.

750 மில்லிலீற்றர் சாராயத்துக்கு எலுமிச்சம்புல்லின் வெண்மையான அடித்தண்டுகள் 2 போதும். அவற்றைக் கழுவி, ஈரம் முற்றாக உலர்ந்தபின் அம்மிக்குழவியால் இலேசாகத் தட்டி, வாயகன்ற கண்ணாடிப் போத்தலில் இட்டு, தண்டுகள் முழுதும் மூழ்குமாறு சாராயத்தை ஊற்றி இறுக மூட வேண்டும். நம் பகுதியின் வெக்கையில் அடுப்படி அலுமாரி உகந்ததன்று. வெயில் படாத உள்ளறையே நல்லது. 3 நாள்களில் மணம் இறங்கிவிடும்.

புதினா அப்படியன்று. 15 இலைகளை நசுக்காமல் இட்டு, 6 மணி நேரத்தில் ஒரு துளி சுவைத்துப் பார்த்து, ஒரு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். பிந்தினால் இலையின் கசப்பு சாராயத்தில் ஏறிவிடும், பிறகு எவ்வளவு சீனி போட்டாலும் அது மறையாது என்பதே என் அனுபவம். இரண்டையும் சேர்க்க விரும்புவோர் புல்லை முதலில் ஊறவைத்து, கடைசி நாளில் மட்டும் புதினாவை இடலாம். பின்னர் மெல்லிய பருத்தித் துணியில் பிழியாமல் வடித்து, வடித்த நாளைப் போத்தலில் எழுதி ஒட்டி, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.